பரிசீலனையில் உள்ள இளவரசி

அரண்மனைக்கு வாழப் போன பெண்களைப் பற்றி ஆயிரம் கதை சொல்வார்கள், கண்ணுகளா. தங்கத் தொட்டியில் குளித்தாள், அன்னத்தூவி மெத்தையில் படுத்தாள் என்பார்கள். எனக்குத் தெரிந்த பெண் அங்கே போன முதல் நாள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கல்யாண உடுப்போடு, தலையில் கனத்த கிரீடத்தோடு, கடித்த செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. படிக்கட்டின் மேல் முனையில் மாப்பிள்ளை. நடுவில் ஒரு அதிகாரி.

அவள் சினிமா நட்சத்திரம். திரையில் முகம் தெரிந்ததுமே கொட்டகை அதிரும். அதனால் சனங்கள் அவளுக்கு மின்னல் என்று பேர் வைத்திருந்தார்கள். அவளைப் பெற்றவளுக்கு மட்டும் அவள் என்றைக்கும் பாப்பா. மாப்பிள்ளை, மன்னருடைய இரண்டாவது மகன். சின்னவர் என்று கூப்பிடுவார்கள். படப்பிடிப்பைப் பார்க்க வந்த இடத்தில் விளக்கு ஒயர் தடுக்கி அவள் காலடியில் விழுந்தார். "ஐயோ, அடிபட்டுச்சா?" என்று கேட்டுக் கையைப் பிடித்துத் தூக்கினாள். பாவம், அவரை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அரண்மனையில் அவர் விழுந்தால், சுற்றி நிற்கிறவர்களும் மரியாதைக்காகக் கூடவே விழுந்துவிடுவார்கள். பிறகு தூக்க ஆள் ஏது? அன்றைக்கே அவர் மனசு அவளிடம் போய்விட்டது. அவளுக்கும் அப்படியே.

கல்யாணம் காலையில் நல்லபடியாக முடிந்தது. மதிய விருந்தில்தான் வினை வந்தது. மன்னருடைய அத்தைக்குக் காது மந்தம், கண் மட்டும் பருந்து. அந்த அம்மாள் மின்னலின் கன்னத்தைத் தட்டி, சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "உன்னை எனக்குத் தெரியாதா? உன் கல்யாணத்தை நான்தான் முன்னாடியே பாத்தேனே! டாக்டர் மாப்பிள்ளை. தங்கமான பையன். அவனை ஏன்மா விட்டுட்டு வந்தே?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. வம்சாவளி அதிகாரி எழுந்தார்.

அரச குடும்பத்தில் யார் சேர்த்தி, யார் சேர்த்தி இல்லை என்று சொல்வது அவர் வேலை. ஒரு அறைக்குள் அவர் மீசை முதலில் வரும். அவர் பின்னால் வருவார். கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. மேலே போகப் படியேறிய மின்னலை அந்தத் தடியால் மறித்தார்.

"இளவரசியார் மன்னிக்கணும். தங்களுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கு."

"அது சினிமாங்க."

"சாட்சிகள் இருந்தாங்களா?"

"இருந்தாங்க. லைட் போடுறவங்க, மேக்கப் போடுறவங்க, வேடிக்கை பாக்க வந்தவங்க..."

"இன்னைக்குக் காலையில இருந்ததைவிட அதிகம். சம்மதம்னு சொன்னீங்களா?"

"வசனம் அப்படிங்க. அதுவும் என் குரலே இல்ல. வேற ஒரு பொண்ணு டப்பிங் பேசினா."

அதிகாரி கண்ணை மூடினார். "அப்ப அந்தக் கல்யாணத்துல மணப்பெண்ணே ரெண்டு பேரு. சிக்கல் நான் நினைச்சதைவிடப் பெரிசு."

சின்னவர் மேலிருந்து கத்தினார். "ஐயா, அது நடிப்பு! எல்லாருக்கும் தெரியும்!"

அதிகாரி மெதுவாகத் திரும்பினார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை: "சின்னவரே, நடிப்புன்னு ஒரு சொல் இந்த அரண்மனையில கிடையாது. இருக்கவும் கூடாது. தலையில ஒண்ணை மாட்டிக்கிட்டு, உடம்புல ஜரிகையைச் சுத்திக்கிட்டு, யாரோ எழுதிக் கொடுத்ததை நாலு பேர் முன்னாடி நின்னு பேசுறது வெறும் நடிப்புன்னு நாம ஒத்துக்கிட்டோம்னு வைங்க. மறுநாள் காலையில உங்க அப்பா எங்க போவாரு? நான் எங்க போவேன்? வேஷம் போட்டு சாட்சி முன்னாடி செஞ்சது எதுவா இருந்தாலும் அது நடந்ததுதான். இந்த ஒரு தூண்லதான் இவ்வளவு பெரிய கட்டடமும் நிக்குது."

மன்னர் இதை ஆமோதிக்கும் விதமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆக, மின்னல் அன்று முதல் பரிசீலனையில் உள்ள இளவரசி ஆனாள். கூப்பிடுவதும் அப்படித்தான்: "பரிசீலனையில் உள்ள இளவரசியார் குளிக்கப் போகிறார்!" மன்னருடைய பிறந்தநாளுக்குள் பழைய கல்யாணங்கள் ஒவ்வொன்றும் தீர வேண்டும். தீராவிட்டால் காலையில் நடந்த கல்யாணம் நடக்கவே இல்லை என்று பிறந்தநாள் அன்று முரசறைந்து சொல்லிவிடுவார்கள். அதுவரை புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. அரண்மனைக்கோ ஒரே கூரை. அதிகாரிகள் கூடி யோசித்து ஒரு வழி கண்டார்கள். மின்னலின் தலைக்கு மேல் எந்நேரமும் குடை பிடிக்க ஒரு ஆளைப் போட்டார்கள். குடை தனிக் கூரை. சட்டம் காப்பாற்றப்பட்டது.

மகளைப் பார்க்க வந்த அம்மா, வாசலுக்கு வாசல் யாரென்று கேட்டுத் தடுத்தவர்களைத் தாண்டி வந்து, கூடத்துக்குள் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "என்ன மாப்பிள்ளை, இவ்வளவு பெரிய வீடு, ஒழுகுதா?"

"ஒழுகலைங்க அத்தை. சட்டம்."

"அதுவும் தலைமேலதான் விழுதா" என்றாள் அம்மா.

*

மறுநாள் மதியம் அரண்மனையின் பெரிய கூடத்தில் திரை கட்டினார்கள். மின்னல் நடித்த எல்லாப் படங்களையும் வம்சாவளிக் குழு பார்த்து விசாரிக்க வேண்டும். முதல் வரிசையில் அதிகாரிகள், கடைசி வரிசையில் மின்னல் குடையோடு. தூரத்தில் இன்னொரு மூலையில் சின்னவர்.

முதல் படத்தை எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார்கள். இரண்டாவது படத்தில் ஒரு டூயட் வந்ததும் அதிகாரி தடியைத் தட்டினார். "நிறுத்துங்க. இந்தப் பாட்டுல ஒரு சட்டச் சிக்கல் இருக்கு. மறுபடி போடுங்க." போட்டார்கள். "இன்னும் தெளிவாகலை." மறுபடி போட்டார்கள். நாலாவது முறை குழு முழுக்கக் காலால் தாளம் போட்டுக்கொண்டு தெளிவடைந்தது. அடுத்த நாள் ஒரு சண்டைக் காட்சியில் யாரோ விசில் அடித்தார்கள். யார் என்று அதிகாரி விசாரிக்கவில்லை. அவருடைய விரல்கள்தான் இன்னும் வாயில் இருந்தனவே.

இடைவேளையில் சின்னவர் தூரத்தில் இருந்தபடியே கேட்டார். "அந்த டாக்டரைவிட நான் நல்லா இருக்கேனா?"

"அவருக்கு விக்குங்க."

"வக்கீலா வந்தவன்?"

"அவருக்கும் விக்குதான். சினிமாவுல சொந்த முடியோட என்னைக் கட்டிக்கிட்ட ஒரே ஆளு போலீஸ்காரர். அவரு தலையில வெங்காய வாசம் வரும்."

சின்னவர் தன் தலையைத் தடவிக்கொண்டு நிம்மதியானார். குடை பிடித்தவன், யார் பக்கம் சாய்வது என்று தெரியாமல் சிரிப்பை அடக்கினான்.

ஐந்தாவது படத்தில் மின்னல் செத்துப்போனாள். நல்ல சாவு, மழையில், கதாநாயகன் மடியில். வம்சாவளி அதிகாரி மேல்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "போயிட்டாளே! பாவி, ஒரு வார்த்தை கேட்டியாடா அவளை!" என்று திரையைப் பார்த்து அழுதார். விளக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பரிசீலனையில் உள்ள இளவரசியார் காலமாகிவிட்டார் என்று அறிவித்தார்.

அரண்மனை வைத்தியர் வந்து நாடி பார்த்தார். "உயிர் இருக்கு. ஆனா அது எந்த உயிர்னு என்னால சொல்ல முடியலை" என்றார். இறந்தவர்களோடு அதிகாரிகள் நேரில் பேசுவது வழக்கமில்லை. ஆகையால் அவளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அதிகாரி குடைக்காரனிடம் சொன்னார். குடைக்காரன் அவளிடம் சொன்னான். "டீ ஆறுது, குடிக்கச் சொல்லு." "டீ ஆறுதாங்க." அடுத்த படத்தில் அவள் அருவியில் குளித்துக்கொண்டே பாட்டுப் பாடியதால் உயிரோடு இருப்பதாகத் தீர்மானித்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஒரு படத்தில் பெற்ற குழந்தை எங்கே என்று கேட்டார்கள். தேடிப் பிடித்தார்கள். மேக்கப் பெட்டி தூக்குகிறவரின் பிள்ளை அது. இப்போது பெரிய மீசையோடு லாரி ஓட்டுகிறான். வந்தவன் தன்னைவிடச் சின்னவளாகத் தெரிந்த அம்மாவைப் பார்த்து வெட்கப்பட்டுக் கும்பிட்டான். அவனுக்கு ஒரு தொட்டிலும் கிலுகிலுப்பையும் கொடுத்து அனுப்பினார்கள். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

பிறகு புருஷன்மார்கள். ஒவ்வொருவராகச் சபைக்கு வந்து, "விட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டாக்டர், தன் இடது பக்க முகம்தான் எடுப்பு என்று, சிம்மாசனத்தையே கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார். போலீஸ்காரரின் நிஜ மனைவி கூடவே வந்து, "இன்னொரு தரம் சொல்லுங்க, அழுத்திச் சொல்லுங்க" என்று தொடையில் கிள்ளினாள். வக்கீல் கட்சியில் சேர்ந்து பெரிய ஆளாகியிருந்தார். ஒரு வார்த்தைக்கு முக்கால் மணி நேரம் பேசினார். எப்படியோ எல்லோரும் விட்டார்கள். மின்னலுக்கு உயிர் வந்தது. பிறந்தநாளுக்கு இன்னும் அவகாசம் இருந்தது.

"இன்னும் ஒருத்தர் பாக்கி" என்றார் அதிகாரி.

*

அவர் பல்லழகர். உங்களுக்கு அந்த முகம் தெரிந்திருக்கும்: முன்பல் இரண்டும் ஆளுக்கு முன்னால் வரும், வந்ததும் யாராவது அடிப்பார்கள், கொட்டகை சிரிக்கும். ஒரு படத்தில், இடைவேளைக்கு முன்னால், அடி வாங்கி மயங்கி விழுந்தவருக்குக் கனவு வரும். கனவில் அவருக்கும் மின்னலுக்கும் கல்யாணம், ஒரு பாட்டு, பூமழை. அதோடு இடைவேளை விட்டுவிடுவார்கள். திரும்பி வரும்போது கதை வேறு எங்கோ போயிருக்கும்.

"கனவுல நடந்த கல்யாணமும் கணக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"கனவை அப்படிச் சாதாரணமா பேசக் கூடாது அம்மா" என்றார் அதிகாரி, காதைப் பொத்திக்கொண்டு. "இந்த வம்சத்தோட முதல் மன்னருக்கு இந்த நாடே கனவுலதான் கிடைச்சது. காலையில எழுந்து, என்னுதுன்னு சொன்னாரு. எவனும் சாட்சி கேக்கலை."

பல்லழகர் சபையில் வந்து நின்றார். தலை நரைத்து, சட்டை தொளதொளத்து. பல் மட்டும் பழையபடி.

"வாங்கண்ணே!" என்று மின்னல் எழுந்து ஓடினாள். குடைக்காரன் பின்னால் ஓடினான்.

குழு அதிர்ந்தது. "கணவரை அண்ணன்கிறாரே!"

"விட்டேன்னு சொல்லுங்க" என்றார் அதிகாரி.

பல்லழகர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். சபை சிரித்தது, அவர் வாயைத் திறந்தாலே சிரித்துப் பழகிய சபை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "வரலைங்க" என்றார்.

"என்ன வரலை?"

"அந்த வார்த்தை."

சபை கலைந்த பிறகு மின்னல் அவரைச் சமையல்கட்டு வாசலில் கண்டுபிடித்தாள். தட்டில் வைத்ததைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, என் வாழ்க்கை உங்க வாயில நிக்குது."

"தெரியும்மா. நான் கெட்டவன் இல்ல. உனக்கே தெரியும், அந்தப் பாட்டு எடுக்கும்போது உன் கையைத் தொடவே நடுங்கினேன்." அவர் தட்டை விரலால் சுழற்றினார். "எத்தனையோ படம் பண்ணிட்டேன். எல்லாத்துலயும் அடி. செருப்படி, விளக்குமாத்தடி. ஒரு படத்துல எருமை முட்டுச்சு, அது ஸ்கிரிப்ட்லயே இல்ல. அந்த ஒரு பாட்டுலதான் யாரும் அடிக்காம எனக்குப் பூப் போட்டாங்க. வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துட்டா. சாயங்காலம் யாராச்சும் அந்தப் பாட்டைப் போடுவாங்க, வாசல்ல நின்னு கேப்பேன். இப்ப அதை விட்டேன்னு சொல்லணும்னா... சபையே சிரிச்சாலும் பரவாயில்ல, நாக்கு எழலைம்மா."

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே குடை. குடைக்காரன் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

"அந்தக் கனவுல இருந்து நீங்க எழுந்திருக்கவே இல்லையேண்ணே" என்றாள் அவள், யோசித்தபடி.

"எங்க எழுந்திருக்கிறது? நடுவுல முறுக்கு விக்க விட்டுட்டாங்க."

மின்னல் எழுந்தாள். நேரே அதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் தனியாக, கண்ணாடி முன்னால் நின்று, மடியில் யாரோ சாகிற மாதிரி முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று மீசையை முறுக்கினார்.

"ஐயா, சினிமாவுல நடந்தது அழியுமா?"

"அழியாது. அசையாது."

"கனவு கண்டவர் சினிமாவுலயே கண் முழிச்சுட்டா?"

அதிகாரி முறுக்கிய மீசையைக் கீழே இறக்கினார். "கனவு கலைஞ்சுபோகும்" என்று ஒத்துக்கொண்டார்.

"அதுக்கு அடுத்த சீன்ல நான் ஒருத்தரைக் கட்டிக்கிட்டா?"

"அது மத்ததைவிட உறுதி. காலையில நடந்தது போல ஏனோதானோ இல்ல. கேமரா பாத்த கல்யாணம்." பிறகு தொண்டையைக் கனைத்தார். "எங்க எடுப்பீங்க?"

"இங்கதான் ஐயா. கூடத்துல."

"நான் நடிக்க மாட்டேன்" என்றார் அதிகாரி உறுதியாக. "ஆனா அங்க நிப்பேன். முகத்துல வெளிச்சம் விழுற இடமா."

*

தொப்பியைத் திருப்பிப் போட்டிருக்கும் டைரக்டர் வந்தார். மின்னலை முதன்முதலில் திரைக்குக் கொண்டு வந்தவர். அவர் வந்த அன்று அரண்மனையில் ஒரு வேலையும் நடக்கவில்லை. குழு முழுக்க மேக்கப்புக்கு வரிசையில் நின்றது. வைத்தியர் ரோஜா நிறத்தில் உதடு வேண்டும் என்றார். மன்னரைச் சிம்மாசனத்தோடு கொண்டு வந்து வைத்தார்கள். அவருக்கு மேக்கப் போட்டதும் தெரியாது, கலைத்ததும் தெரியாது. எல்லா டேக்கிலும் ஒரே மாதிரி இருந்த ஒரே நடிகர் அவர்தான் என்று டைரக்டர் பிற்பாடு சொன்னார்.

வம்சாவளி அதிகாரிக்கு ஒரு வசனம் வேண்டுமாம். ஒன்றே ஒன்று போதுமாம். மின்னல் டைரக்டரின் காதில் எதையோ சொன்னாள். டைரக்டர் எழுதிக் கொடுத்தார். அதிகாரி அதை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், மரங்களிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். குரல் எங்கே ஏற வேண்டும், தடியை எங்கே தட்ட வேண்டும் என்பதிலேயே அவருக்குக் கவனம். சொல்வது என்ன என்பதில் இல்லை. சபைகளில் பேசுகிறவர்களுக்கு இது வழக்கம்தான்.

முதலில் பல்லழகரின் காட்சி. ஒரு கட்டில் போட்டார்கள். "திடுக்குனு முழிச்சு, கட்டில்ல இருந்து உருண்டு விழுங்க. சிரிப்பு அள்ளும்" என்றார் டைரக்டர். பல்லழகர் தலையாட்டினார். கிளாப் அடித்தார்கள்.

அவர் உருளவில்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்தார். பக்கத்துத் தலையணையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அதில் ஒட்டியிருந்த ஒரு பூவிதழை எடுத்துப் பார்த்துவிட்டு, ஊதிவிட்டார். பிறகு எழுந்து போர்வையை நான்காக மடித்து வைத்தார், யாரோ இன்னும் அங்கே தூங்குகிற மாதிரி ஓசைப்படாமல். "நல்ல கனவு" என்றார். "இவ்வளவு கண்டதே பெரிசு." பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கூடத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

டைரக்டர் கட் சொல்ல மறந்துபோனார். பிறகு சொன்னார். யாரோ ஒருவர் கையைத் தட்ட, கூடம் முழுக்கத் தட்டியது. பல்லழகர் என்ன செய்வது என்று தெரியாமல் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார், அடி விழும் என்று.

அடுத்தது சின்னவர். அந்தப் பிள்ளைக்கு நடிக்க வரவே இல்லை. முதல் டேக்கில் கேமராவைப் பார்த்து வணக்கம் வைத்தார். இரண்டாவதில், கேட்பதற்கு முன்னாலேயே சம்மதம் என்று கத்தினார். மூன்றாவதில் மோதிரத்தைத் தன் விரலிலேயே போட்டுக்கொண்டார். "ஓகே சொல்லுங்க சார், ஏதோ பாத்து" என்று அம்மா கெஞ்சினாள். "மாட்டேம்மா, படம் படமா இருக்கணும்" என்றார் டைரக்டர். டைரக்டர் ஓகே சொன்னால்தான் செல்லும் என்று அதிகாரி வேறு தீர்ப்புச் சொல்லியிருந்தார். வெளியே பிறந்தநாள் முரசை, தோல் இறுகட்டும் என்று, வெயிலில் காயப்போட்டிருந்தார்கள்.

மின்னல் சின்னவர் பக்கம் சாய்ந்தாள். "கேமராவைப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க."

"பாத்தா வசனம் மறந்துபோகுது."

"மறந்துட்டுப் போகட்டும்."

அவர் பார்த்தார். மறந்துதான் போனார். அந்த ராஜ உடுப்புக்குள்ளிருந்து ஒரு சாதாரணப் பையனின் குரல் வந்தது: "எனக்கு உன்கூட வீட்டுக்குப் போகணும்."

"போலாம்" என்றாள் அவள். மோதிரம் சரியான விரலில் ஏறியது.

"ஓகே!" என்று டைரக்டர் துள்ளினார். "அப்படியே ஓடட்டும், நிறுத்தாதீங்க! பெரியவரே, உங்க டயலாக்!"

வம்சாவளி அதிகாரி வெளிச்சத்துக்குள் வந்தார். முதலில் மீசை, பிறகு அவர். தடியைத் தூக்கினார். தோட்டத்து மரங்களிடம் சொல்லிப் பழகியதை, கூரையில் இருந்த புறாக்கள் கிளம்பும்படி முழங்கினார்:

"இன்று முதல் இந்த அரண்மனையில், புருஷனிடம் போகிற பெண்டாட்டியையும், மகளைப் பார்க்க வருகிற தாயையும், யாரென்று கேட்டுத் தடுக்க எவருக்கும் அதிகாரம் கிடையாது. எனக்கும் சேர்த்து!"

சொல்லிவிட்டு, எழுதிக் கொடுக்காததையும் செய்தார். உணர்ச்சி மிகுந்து, வெள்ளித் தடியை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்து எறிந்தார்.

"கட்! ஓகே!"

கைதட்டல் அடங்கியது. குழு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது. வேஷம் போட்டு, சாட்சி முன்னாடி, கேமராவும் பார்த்தாயிற்று. அசையாது, அழியாது. ரோஜா உதட்டு வைத்தியர் மட்டும், "ஐயா, உங்க வேலை..." என்று இழுத்தார்.

சின்னவரும் மின்னலும் நிற்கவில்லை. கையைக் கோத்துக்கொண்டு படியேறினார்கள். பின்னாலேயே அம்மா, "மெதுவா, பாப்பா, உடுப்பு தடுக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் யாரும் இல்லை. மேலே ஒரு கதவு திறந்து மூடியது. உள்ளே மூன்று பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

கீழே வம்சாவளி அதிகாரி ஒடிந்த தடித் துண்டுகளுக்கு நடுவில் ரொம்ப நேரம் நின்றார். முகத்தில் பவுடர் கரைந்து கோடு கோடாக வழிந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. என்ன சொல்லப்போகிறாரோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் தயங்கித் தயங்கி டைரக்டரிடம் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார்... ஒன்மோர் போலாமா? 'எனக்கும் சேர்த்து'ங்கிற இடத்துல இன்னும் கொஞ்சம் அழுதிருக்கலாம்."